முதல் அட்டை

எங்கள் விசைத்தறி மேல் ஜக்கார்டு பெட்டி தடதடத்த காலத்தில், கரண்ட் போய் வந்தால் யாரும் பதற மாட்டார்கள். கயிற்றில் கோத்த அட்டைகள் எந்த இடத்தில் நின்றனவோ அங்கிருந்தே சேலை தொடரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், கொக்கி எழும்பும், பாவு நூலைத் தூக்கும். அட்டைக்கும் நூலுக்கும் நடுவில் வேறு ஆள் கிடையாது. இளம்பிள்ளையில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு, ஒரு இயந்திரம் எழ வேண்டிய முறை அதுதான்.

2000 வாக்கில், புட்டா வரைய ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி லினக்ஸ் ஏற்றினேன். அந்த நாள் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும்தான் படிக்கும். அதில் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட். அத்தனை சின்ன இடத்தில் லினக்ஸின் மையமான கெர்னலைக் கூப்பிட முடியாது என்பதால் லைலோ என்ற ஏற்றி நடுவில் நின்றது. கோப்பின் பெயர் லைலோவுக்குத் தெரியாது, அது வட்டில் கிடக்கும் இடம்தான் தெரியும். ஒரு ராத்திரி, இடம் பற்றவில்லை என்று பூட் கோப்புறையை வேறு பகுதிக்கு மாற்றினேன். லைலோவை மறுபடி ஓட்ட மறந்துவிட்டேன்.

காலையில் கறுப்புத் திரையில் இரண்டே எழுத்து: எல், ஐ. தன் பெயரின் நான்கு எழுத்தை ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டே எழும் லைலோ, பாதிப் பெயரில் நின்றுவிட்டது.

“என்னடா, எழுந்துச்சா?” என்றார் அப்பா.

“இன்னும் இல்லப்பா.”

காப்பாற்றியது ஒரு பிளாப்பி. அன்றைய கெர்னல் கோப்பின் தலையிலேயே 512 பைட் பூட் செக்டர் உண்டு. டிடி கட்டளையால் அப்படியே பிளாப்பியில் எழுதி வைத்திருந்தேன். செருகினேன், கெர்னல் தானே எழுந்தது. அட்டை போட்டதும் தறி ஓடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அந்த வசதியைக் கெர்னலின் 2.6 வரிசையில் எடுத்துவிட்டார்கள். பிளாப்பியில் எழுதி எழுப்பினால், ‘ஏற்றியைப் பயன்படுத்து’ என்று சொல்லி நின்றுவிடும். மனசு கஷ்டப்பட்டது. அப்புறம் 2012 மார்ச்சில் 3.3 வந்தது. கெர்னல் தானே எழும் வித்தை வேறு வழியாகத் திரும்பியது. பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ, ஃபேட் பகுதியில் கிடக்கும் இஎஃப்ஐ நிரலை நேரடியாக ஓட்டும். அந்த நிரலுக்குரிய தலைப்பைக் கெர்னல் தானே அணிந்துகொண்டது. முதல் இரண்டு எழுத்து எம், இசட். ஃபர்ம்வேர் அதைத் தன் நிரல்களில் ஒன்றாக எடுத்து ஓட்டுகிறது. இதற்கு இஎஃப்ஐ ஸ்டப் என்று பெயர். தமிழ்நாடே மின்வெட்டில் தவித்த வருஷம் அது. கரண்ட் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரை எழுப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு, நடுவில் ஒரு படி குறைவது சின்ன விஷயமில்லை.

இன்று எங்கள் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் க்ரப் போன்ற ஏற்றி எதுவும் இல்லை. கெர்னலை இஎஃப்ஐ பகுதியில் வைத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் ஒரு பதிவு போட்டேன். ரூட் எங்கே, இனிட்ஆர்டி எங்கே என்பதையும் அதே பதிவில் எழுதியாயிற்று. சில மதர்போர்டுகள் இந்தப் பதிவை மறந்துவிடும், சில அதில் எழுதிய அளவுருக்களைக் கெர்னலுக்குக் கொடுக்காது. அங்கே கெர்னலை இஎஃப்ஐ கோப்புறையின் பூட் உள்ளே ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ என்ற பெயரில் வைத்து, அளவுருக்களைக் கெர்னலைக் கட்டும்போதே உள்ளே பதித்துவிட வேண்டும். செக்யூர் பூட் இருந்தால் கையொப்பமும் வேண்டும்.

நாலைந்து இயங்குதளம் வைத்திருப்பவருக்கு ஏற்றி தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. ஒரே வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம். நடுவில் இருக்கும் ஒவ்வொரு படியும் கெட்டுப்போக இன்னொரு இடம்.

செய்து பார்க்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். அதற்கும் தனியாக ஒரு பதிவு போட்டு, ஒருமுறை அதிலிருந்து எழுப்பிப் பார்த்துவிட்டுப் புதியதில் கை வையுங்கள்.