மண்டியிடும் கலை

ஆழமில்லாத மலை ஏரியில் ட்ரௌட் பிடிக்கத் திருட்டு முழி வேண்டும். கரையில் நிமிர்ந்து நின்றால் போதும், நிழலைப் பார்த்தே மீன் கம்பி நீட்டிவிடும். வெயில் ஏறினால் ஓடை வந்து விழும் குளிர்ந்த மூலைக்குக் குடிபோய்விடும். காற்றில் தண்ணீர் சிலிர்க்கும் நேரம்தான் நமக்கு.

தூண்டிலில் புழு கூடாதாம். கோழி இறகையும் நூலையும் சுற்றிய பொய்ப்பூச்சிதான் மரியாதை. நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் 1907-ல் இந்த மீனுக்கென்றே குஞ்சுப் பொரிப்பகம் வைத்தார்கள். ஊர்க் கெண்டையைப் பிடித்தால் துரைகளுக்குக் கௌரவக் குறைச்சல் போலும்.

நானும் அரை நாள் மண்டியிட்டேன். முழங்காலில் அட்டை ஏறியது. பொய்ப்பூச்சி பின்னாலிருந்த புதரில் பதினோரு தடவை மாட்டியது. கடைசியில் ஒரு ட்ரௌட் துள்ளி எழுந்து, பக்கத்தில் பறந்த அசல் பூச்சியைத் தின்றுவிட்டுப் போனது.