13-ஆம் எண் சீட்டு

டாரட் பார்த்தேன். 'மரணம்' சீட்டு வந்துவிட்டது. உயில் எழுதிவிடட்டுமா?
— வாசகர், கம்பைநல்லூர்

சொத்து இருந்தால் எழுதுங்கள், அதற்குச் சீட்டு எதற்கு? பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டில் அது 13-ஆம் எண். வெள்ளைக் குதிரையில் கறுப்புக் கவசம் பூண்ட எலும்புக்கூடு வருகிறது. ராஜா விழுந்து கிடக்கிறார், மதகுரு கும்பிடுகிறார், குழந்தை மட்டும் பயமின்றி அண்ணாந்து பார்க்கிறது. தொலைவில் இரு கோபுரங்களுக்கு நடுவே சூரியன். டாரட்காரர்கள் சொல்லும் பலன் சாவு அல்ல, மாற்றம். வாடிக்கையாளர் உயிரோடு இருந்தால்தானே மறுபடி வருவார்!

நம்மூர்க் கிளி ஜோசியத்தில்தான் நிஜமான ஆபத்து. பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சீட்டில் என்ன வந்தாலும் கண்டம் கிளிக்காரருக்கு!