கொசுறின் உற்பத்தி: ஒரு கணித விசாரணை

பெருக்கற் கணக்கில் ஓர் எண்ணை ஒளித்துவைத்து, ஆறைக் கட்டத்தால் பெருக்கினால் நாற்பத்திரண்டு, கட்டத்துள் இருப்பது யாது என்று பாலகர்களை வினவும் வழக்கம் எக்காலத்தில் தோன்றியதாயினும் ஆகுக. காணாமற்போன அவ்வெண்ணைக் குறித்த விசாரம், அதனை ஒளித்த உபாத்தியாயரைக் காட்டிலும், தேடப் பணிக்கப்பட்ட மூன்றாம் வகுப்பு மாணவனுக்கே மிகுதி என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை.

அவன் கையாளும் முறை புராதனமானது. "ஓராறு ஆறு, ஈராறு பன்னிரண்டு" என்று அடியிலிருந்து தொடங்கி, தொண்டியிலிருந்து இராமநாதபுரம் செல்லும் பேருந்து நம்புதாளை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று நின்று நின்று போவதுபோல, ஐயாறிலும் ஆறாறிலும் நின்று, ஏழாறில் இறங்குகிறான். நடுவில் ஏற அவனுக்குத் தெரியாது. எண்சுவடியை ராகமிட்டு ஒப்பித்த திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பரம்பரையில் வந்தவனிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆனால் அதே பாலகன், சாயங்காலம் தொண்டிக் கடற்கரையில் சாக்கை விரித்துக் காரல் மீனைக் கூறு வைக்கும் பாட்டியின் அருகில் அமர்ந்தானாயின், விஷயமே வேறு.

"முப்பத்தாறு கெடக்கு. ஆறு கூறு போட்டா கூறுக்கு எத்தனைடா?"

"ஆறு."

"நாலு கூறுன்னா?"

"ஒம்பது."

உதடுகூட அசையவில்லை, ராகமும் இல்லை. காரணமும் எளிது: இங்கே கட்டத்துள் இருப்பது மீன்.

பாட்டி முப்பத்தாறை விரும்புவது தற்செயலன்று. தன்னிற் சிறிய எவ்வெண்ணைவிடவும் மிகுதியான காரணிகளை உடைய எண்களைப் பற்றி, 1915-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜிலிருந்த ஸ்ரீநிவாச இராமானுஜன் நெடிய கட்டுரையொன்றை வெளியிட்டார்; 12, 24, 36, 48, 60 என்று செல்லும் அவ்வரிசையில் இவ்வெண்ணும் உண்டு. 1, 2, 3, 4, 6, 9, 12, 18, 36 என அதன் காரணிகள் ஒன்பது. தேவிபட்டினத்துக் கடலில் நிற்கும் நவபாஷாணக் கற்களும் ஒன்பதே. இவ்விரண்டிற்கும் சம்பந்தம் யாதும் இல்லை. எனினும் இத்தகைய ஒற்றுமையைக் கண்டும் எழுதாமல் விடுவது ஆராய்ச்சியாளர் மரபன்று.

வலையில் முப்பத்தேழு விழும் நாளிலேதான் சங்கடம். அது பகா எண். ஒன்றும் தானுமன்றி வேறு காரணி அதற்கில்லை. ஆறு கூறு வைத்தாலும், நாலு கூறு வைத்தாலும், ஒன்பது கூறு வைத்தாலும் ஒரு மீன் அநாதையாக எஞ்சும். அதனைப் பாட்டி, அதிகம் முணுமுணுக்கும் வாடிக்கைக்காரியின் பையில் எறிகிறாள். கொசுறு என்னும் ஸ்தாபனம், தாராள சிந்தையிலிருந்து அன்று, வகுத்தலின் மீதியிலிருந்தே பிறந்தது என்பது என் சித்தாந்தம்.

முப்பத்தாறு மீன் இருந்த நாளிலும் கொசுறு கேட்டு நிற்பவர்கள் உளரே என்று ஆட்சேபிக்கலாம். அவர்கள் கணித சாஸ்திரத்தின் எல்லைக்குள் வருபவர் அல்லர். அவர்களைப் பாட்டியே கவனித்துக்கொள்வாள்.