விசாரணை மாமா

வெருகலில் இருந்து கொழும்புக்குப் போக இரண்டு வழி. மூதூருக்குப் போய்க் கந்தளாய்ப் பக்கமாகப் போகலாம். இல்லையென்றால் வாழைச்சேனைக்குப் போய்ப் பொலன்னறுவைப் பக்கமாகப் போகலாம். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஹபரணைச் சந்திக்கு வராமல் முடியாது. அதற்குப் பிறகு, சாமத்தில், நல்ல நித்திரையில் கழுத்து ஒடிந்து கிடக்கும் நேரம் பார்த்து, பஸ் ஒரு சாப்பாட்டுக்கடை முற்றத்துக்குள் திரும்பும். கொண்டக்டர் தகரத்தில் தட்டி இரண்டு பாஷையிலும் பதினைந்து நிமிசம் என்பார். முதல் ஆளாக இறங்குகிறவர் விசாரணை மாமா.

அவருக்குப் பசியில்லை. மாமி வாழையிலையில் கட்டிக் கொடுத்த சோத்துப் பார்சல், ஆற்றுமீன் பொரியலும் கத்தரிக்காய்ப் பால்கறியுமாகப் பின்சீட்டு வரைக்கும் மணந்து, எப்போதோ முடிந்துவிட்டது. அவர் இறங்குவது விலை கேட்க.

கடைக்காரனிடம் நேரே போகமாட்டார். முதலில் சாட்சிகளை விசாரிப்பார். ஓரமாக நின்று ஊதி ஊதிக் குடிக்கும் பொடியன்தான் முதலாம் சாட்சி.

"தம்பி, இதுக்கு எவ்வளவு எடுத்தவன்?"

"நூறு."

"பால் தேத்தண்ணியா?"

"இல்ல, பிளேன்டீ."

"ம்."

அந்த 'ம்'முக்குப் பிறகு பொடியனுக்குத் தேத்தண்ணி இறங்காது. ஊரில் பாதி விலைக்கு இஞ்சியும் தட்டிப் போட்டுத் தருவார்களே என்று அப்போதுதான் அவனுக்கு நினைவு வரும்.

அடுத்தது மேசைகள். கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் தட்டில் றோல்ஸ், பேற்றிஸ், வடை எல்லாம் கோபுரமாக இருக்கும். தின்றதற்கு மட்டும் காசு என்பது சட்டம். தின்றது எத்தனை என்பதில்தான் வழக்கு வரும். மாமா பின்னால் கைகட்டி நின்று எண்ணுவார். புதுசாகக் கலியாணம் முடித்த சோடி என்றால் கூடுதல் அக்கறை. "மகள், அந்தப் பேற்றிஸை விரலால அமத்திப் பார்க்காதீங்க. பார்த்தா எழுதிடுவான்." புதுமாப்பிள்ளை, பெண்சாதிக்கு முன்னால் கஞ்சன் ஆகக்கூடாது என்று இன்னும் இரண்டு எடுத்து வாயில் போடுவார். மாமா தலையில் கைவைப்பார்.

கடைசியாகக் காசு மேசை. மாமாவின் சிங்களத்தில் இருப்பது மூன்றே மூன்று வசனம்: கீயத, காண வெடி, அடு கரன்ன. எவ்வளவு, விலை கூட, குறையுங்கள். தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுத்துக் கீயத என்பார். அரை லீற்றர் போத்தலுக்கு நூறு என்று பதில் வரும். இதற்காகத்தானே வெருகலில் இருந்து வந்தார்! பொக்கெற்றில் நாலாய் மடித்த பத்திரிகைத் துண்டு வெளியே வரும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2025 ஏப்ரல் 1ஆம் திகதியிலிருந்து போட்ட உச்ச விலை: அரை லீற்றர் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100, ஒன்றரை லீற்றர் 130. காசாளர் துண்டையும் பார்ப்பார், மாமாவையும் பார்ப்பார். பிறகு கொச்சைத் தமிழில், "அது சும்மா தண்ணி. இது பிரிட்ஜில வச்சது. குளிராக்கின காசு."

"1977க்கு அடிக்கட்டா?" என்று மாமா போனை எடுப்பார். அது அதிகாரசபையின் முறைப்பாட்டு இலக்கம். நம்பர் சரி, நேரம்தான் சாமம். மணி போய்க்கொண்டே இருக்கும்போது டிரைவர் ஹோர்ன் அடிப்பார். மிச்சக்காசு வர முன்னம் ஹோர்ன் அடிப்பது எப்படி என்று மாமா ஒரு ஆராய்ச்சியே வைத்திருக்கிறார்.

டிரைவரின் சாப்பாடும் அந்த ஆராய்ச்சிக்குள் வரும். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் அவருக்கும் கொண்டக்டருக்கும் தனி மேசை; பொரித்த மீன், முட்டை, நாலு கறி, பில் இல்லை. பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்துகிறவருக்குச் சாப்பாடு ஓசி என்பது இந்த றோட்டில் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். "நாம குடிக்கிற பிளேன்டீயிலதான் அவருக்கு முட்டை பொரியுது" என்று மாமா பஸ் முழுக்கச் சொல்லிவைப்பார். ஆனால் டிரைவர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் எழும்பி நின்று, "சாப்பிட்டாச்சா மாத்தயா?" என்பார். யானை குறுக்கே வருகிற றோட்டில் ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மாமா விலை கேட்காத இடம் ஒன்றும் உண்டு. கக்கூசு வாசலில் சின்ன மேசை போட்டு ஒருவர் இருப்பார். அங்கே மட்டும் மாமா கேட்ட காசை வைத்துவிட்டு, மிச்சத்துக்கும் நிற்காமல் உள்ளே ஓடுவார்.

பஸ் கிளம்பினதும் தீர்ப்பு வாசிப்பு. 2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டானிடம் கொத்து ரொட்டிக்கு 1,900 ரூபாய் கேட்டவனைப் பொலிஸ் பிடித்த கதையில் தொடங்குவார். "வெள்ளைக்காரனுக்குச் சொன்னாப் பொலிஸ் வருது. நமக்குச் சொன்னா ஹோர்ன் வருது." அங்கிருந்து தமிழ்நாட்டுக்குத் தாவுவார். பழனிக்குப் போய் வந்தவர் அல்லவா? விக்கிரவாண்டிப் பக்கம் பஸ் நின்றதையும், அங்கே அரசாங்க பஸ் நிற்கிற கடைகளுக்கு டெண்டரே விடுகிறார்கள் என்பதையும் சொல்லும்போது குரலில் ஒரு ஆறுதல் தெரியும். ஓசிச் சோறு அங்கேயும் உண்டாம்.

விலை விசாரிக்கும் இந்தக் கலையை அவர் பழகினது பாதையடியில், அதாவது பஸ்ஸை ஆற்றுக்குக் குறுக்கே ஏற்றிப்போகும் மிதவை நிற்கிற துறையில். கிண்ணியாப் பாலம் 2009இலும், இந்தப் பக்கத்துப் பாலங்கள் 2011இலும் திறக்க முன்னம், திருகோணமலை றோட்டில் ஆறு வந்தால் பஸ் நிற்கும். வெருகல், உப்பாறு, கங்கை, இறால்குழி, கிண்ணியா என்று துறைக்கு ஒரு பாதை. பாதை அக்கரையிலிருந்து வரும்வரை சனம் இறங்கிக் கரையில் நிற்கும். தேத்தண்ணி விலை துறைக்குத் துறை ஐந்து சதம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாராம், அப்போது இளந்தாரி.

சரி, இவ்வளவு நியாயம் கதைக்கிற ஆளை ஆவணித் திருவிழாவில் பார்க்க வேண்டும். சித்திரவேலாயுதர் கோயிலுக்குச் சனம் பஸ்ஸிலும் வானிலும் வந்து குவிகிற நாட்களில், றோட்டோரம் புளியமரத்துக்குக் கீழே மாமா இளநீர்க் கொட்டில் போடுவார். சாதாரண நாளில் நூறு விற்கிற இளநீர் அன்றைக்கு இருநூறு. போன முறை குருநாகல் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் குலையைத் தட்டிப் பார்த்து, "கீயத மாமே?" என்றார். விலை கேட்டதும், "காண வெடி" என்றார்.

மாமா கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆத்துத் தண்ணியில போட்டுக் குளிராக்கினது."

அதற்குள் பஸ் டிரைவர் காசை நீட்டிக்கொண்டு வந்தார். மாமா பதறிப்போய் இரண்டு கையாலும் தடுத்து, இருந்ததிலேயே பெரிய செவ்விளநீரைச் சீவிக் கொடுத்தார்.

"உங்களிட்டக் காசா? நல்ல கதை! நாளைக்கும் இந்த மரத்தடியிலயே நிப்பாட்டுங்க தம்பி. அங்கால நிக்கிறவன் அநியாய விலை சொல்றான்."