வேலை போனவருக்கு என்ன கிடைக்கும்?

கண்டியில் வேலையிழந்தோர் உதவிப்பணம் கேட்பது கூடுகிறதா, குறைகிறதா என்றால் இரண்டும் இல்லை. அப்படியொரு கொடுப்பனவே இலங்கையில் கிடையாது. வேலை போனவர் பொறுமையாக ஏழையாகி, அதன் பிறகு பிரதேச செயலகத்துக்கு வரலாம்.

ஏழைக்கான உதவியோ பெயர் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது: 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும. கடைசியாக வந்தது விஞ்ஞானபூர்வமானது. 22 சுட்டிகளால் வறுமையை அளந்து, குடும்பங்களை நான்கு படிகளில் நிறுத்தியது. தொடக்கத்தில் கீழ்ப்படிக்கு மாதம் 2,500 ரூபாய், மேல்படிக்கு 15,000. இங்கே மேலே ஏற வேண்டுமானால் இன்னும் நொடிக்க வேண்டும். கலஹா, தெல்தோட்டை லயத்து வாசிகளுக்கும் அதே அளவுகோல்தான்.

பேராதனையில் பட்டம் பெற்றவரின் பாதை வேறு. பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் இறங்குவார்கள். தேர்தல் நெருங்கினால் அரசுக்கும் காது கேட்கும். 2020இல் வேலையற்ற பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்து மாதம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். உதவிப்பணத்தோடு வரவுப் பதிவேடும், கிடைத்தால் ஒரு நாற்காலியும்.

இனி வேலையின்மைக் கணக்கு. கணிப்பு நடக்கும் வாரத்தில் கண்டிச் சந்தையில் ஒரு மணி நேரம் கூலிக்கு மூட்டை தூக்கியவர், தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஏட்டில் தொழில் உள்ளவர். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரைவிலக்கணமும் அதுவே.