தொடையில் பட்டால் சாக வேண்டியதில்லை

டாலஸ்,
ஆடிப்பெருக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

செந்தில் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், என் இடது தொடையைத் தவிர.

நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நாலு தடவை கேட்டேன். "ஏன்டா தம்பி, பாவாடை கட்டிக்கிட்டு, தண்ணி டிரம்ம வெட்டி உடம்புல மாட்டிக்கிட்டு வெயில்ல நிக்கிறியாமே, வேலை கீல போயிடுச்சா?" வேலை போகவில்லை சித்தப்பா. உங்கள் மருமகள் மலர் ஸ்டேட்டஸில் போட்ட படத்தை யாரோ பெரிதாக்கிப் பார்த்து டீக்கடை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். டிரம் உண்மை. வெயில் உண்மை. பாவாடை மட்டும் பாவாடை இல்லை, அதற்கு ஹகாமா என்று பெயர். இதைப் போனில் சொன்னால் நீங்கள் சிரிக்கிற சிரிப்பில் நான் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தொடை வருகிற இடங்களைத் தாண்டிவிடுங்கள்.

1966 இல் கலிபோர்னியாவில், பெர்க்லி என்ற ஊரில், சில பேர் ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய காலத்து ராஜா, வீரன் மாதிரி வேஷம் கட்டி விருந்து வைத்து, கத்திச் சண்டையும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் இன்னும் கலையவில்லை. உலகத்தையே ராஜ்ஜியம் ராஜ்ஜியமாகப் பிரித்துக்கொண்டுவிட்டார்கள். நான் இருக்கிற டெக்சாஸின் பெரும்பகுதியும் பக்கத்து ஓக்லஹோமாவும் சேர்ந்தது ஆன்ஸ்டியோரா, 1979 இல் பிறந்த நாடு. 1600க்கு முந்தைய கற்பனை ஆள் யாராகவும் நாம் இருக்கலாம். சண்டை போட்டு ஜெயித்தவன் ராஜா, ஆறு மாதம் ஆளலாம். நம் ஊராட்சித் தேர்தலைவிடச் செலவு குறைவு. இந்த எல்லைக்குள் குடியிருந்தாலே குடிமகன், மனு வேண்டாம், ஜெராக்ஸ் வேண்டாம். பதினோரு வருஷமாக நான் பச்சை அட்டை வரிசையில் நிற்கிற அதே மண்ணில், ஆன்ஸ்டியோரா என்னைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டது. இதைச் சொன்னதும் மலர் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

என்னை இழுத்துவிட்டவர் ஆபீஸ் நண்பர். அவர் குழுவில் ஏழெட்டுப் பேர் ஜப்பானிய வீரர்கள், அதில் ஒருவர்கூட ஜப்பான்காரர் இல்லை. நான் ஜப்பானைப் பிடித்துக்கொண்டது காசுக்காக. ஐரோப்பியக் கவசம் கட்ட இரும்புப் பட்டறைக்காரருக்குப் பாதிச் சம்பளம் அழ வேண்டும். ஜப்பானியக் கவசத்துக்குப் பொறுமை போதும். அந்தக் காலத்தில் தோலையும் இரும்பையும் சின்னச் சின்னச் சில்லாக வெட்டி, அரக்குப் பூசி, பட்டுக் கயிற்றால் வரிசை வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அதற்கு நீல டிரம்மை வெட்டுகிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், மூடிமேல் கல் வைத்து நிற்கிறதே, அதே இருநூறு லிட்டர் நீல டிரம். கடல் கடந்து வந்தும் அது என்னை விடவில்லை.

வாங்கியது பழைய டிரம், முன்னால் ஊறுகாய் இருந்தது. எழுநூறு சில்லு வெட்டினேன். அசல் சில்லில் பதினாலு ஓட்டை இருக்கும் என்று ஒரு புத்தகத்தில் பார்த்துவிட்டு நானும் பதினாலு போட்டேன். மொத்தம் 9,800 ஓட்டை. மூன்று மாதம், ராத்திரி பத்து மணிக்கு மேல், கார் ஷெட்டில், டிரில் மெஷினோடு. மலர் வாசலில் நின்று, "தண்ணி புடிக்கிற டிரம்முல யாராச்சும் ஓட்டை போடுவாங்களா?" என்றாள். கோப்பதற்குப் பாராசூட் கயிறு. நீங்கள் கயிற்றுக் கட்டில் பின்னும்போது குதிகாலை மரத்தில் ஊன்றி இழுப்பீர்களே, அப்படித்தான் இழுத்தேன். இரண்டாவது வரிசையிலேயே கை கற்றுக்கொண்டது. கறுப்புப் பெயின்ட் அடித்துத் தோளில் மாட்டியதும் கண்ணாடியில் ஒரு வீரன் தெரிந்தான். வெயிலில் இறங்கியதும் அந்த வீரனிடமிருந்து கிடாரங்காய் வாசனை வந்தது. எதிரிகள் நான் வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்கிறார்கள். கவசம் பதினெட்டுக் கிலோ. யூரியா மூட்டையில் பாதிகூட இல்லை, ஆனால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் முதல் நாளே குருவாகிவிட்டேன். கவசத்துக்கு அடியில் ஜப்பானியர் கட்டியது ஃபுன்டோஷி, அதாவது சாட்சாத் கோவணம். ஆறடி வெள்ளைக்காரர்கள் யூடியூபைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு நிமிடத்தில் கட்டிக் காட்டினேன். "எங்கே பயின்றீர்கள்?" என்று கேட்டார்கள். கொள்ளிடத்தில் என்றேன். ஏதோ பெரிய மடம் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

வாள் எதில் செய்தது தெரியுமா? பிரம்பு. நம் கணக்கு வாத்தியார் கையில் இருந்த அதே சாதி. மூங்கில் உடைந்தால் கூராகப் பிளந்து குத்தும், பிரம்பு நார் நாராகப் பிரியும், அதனால்தான் அது. விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம். வாத்தியாருடையது சுண்டுவிரல் கனம்தான் இருக்கும், அதற்கே கொல்லைப்புறமாக ஓடியவன் நான். இப்போது சொந்தக் காசில் பிரம்பு வாங்கி, வெள்ளி டேப் சுற்றி, அடித்தவனுக்குக் கை கொடுத்து நன்றியும் சொல்கிறேன். தலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கன எஃகுத் தொப்பி, முகத்துக்குக் கம்பி. கம்பி இடுக்கில் ஓர் அங்குலக் குச்சி நுழைந்தால் களத்தில் விட மாட்டார்கள்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இந்தச் சண்டையில் நடுவர் இருக்கிறார், ஆனால் யார் செத்தது என்று அவர் சொல்ல மாட்டார். அடிபட்டவனே சொல்ல வேண்டும். எல்லாரும் இரும்பு வலைச் சட்டை போட்டிருப்பதாகக் கணக்கு, அதையும் தாண்டி உறைக்கிற அடியா இல்லையா என்பது வாங்கியவன் மனசாட்சி. உறைத்தால் "நல்ல அடி" என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும். ஏரிக்கரைக் கிரிக்கெட்டில் ஸ்டம்ப் மூன்றும் பறந்த பிறகு "காத்துல விழுந்துச்சு" என்று சொன்ன வம்சம் நான். என்னைப் போய் நீயே அவுட் சொல் என்றால்? முதல் மாதம் நான் சாகவே இல்லை. தோளில் விழுந்தது, உரசல் என்றேன். தலையில் விழுந்தது, தொப்பிதான் சத்தம் போட்டது என்றேன். இப்படிப்பட்டவர்களைக் காண்டாமிருகம் என்பார்களாம் இங்கே. ஒரு பெரியவர் வந்து பக்குவமாக அந்த மிருகத்தின் தோலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மாதம் முழுக்கச் செத்துக்கொண்டே இருந்தேன். காற்றுப் பட்டால்கூட "நல்ல அடி". அதுவும் தப்பாம், அடித்தவனை அவமதிப்பதாம். செத்தாலும் குற்றம் சாகாவிட்டாலும் குற்றம் என்பது நம் சம்பந்தி வீட்டில்தான் என்று நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூத்து. எதிரே நின்றவர் மலைபோல இருந்தார். நாலு அடி தடுத்தேன். ஐந்தாவது, இடது தொடையில், டிரம்மும் இல்லாத, டிரம் இருந்தாலும் காப்பாற்றாத இடத்தில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழேயும் மணிக்கட்டுக்குக் கீழேயும் அடிக்கக் கூடாது, தொடை செல்லும். தொடையில் பட்டால் ஒரு கால் போனதாகக் கணக்கு, முட்டி போட்டுக்கொண்டு சண்டையைத் தொடரலாம். எனக்குத் தெரியும், பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் தொடையில் அடி விழுந்த அந்த நிமிஷம் டெக்சாஸ் மறைந்துவிட்டது சித்தப்பா. திரௌபதியம்மன் கோயில் திடல்தான் தெரிந்தது. விடியற்காலை, தெருக்கூத்தில் பதினெட்டாம் போர், நீங்கள் துரியோதனன், பீமனின் கதை தொடையில் விழுகிறது. பாயில் குந்தியிருந்த ஆறு வயசு முதல் நான் பார்த்து வளர்ந்த சாவு அது ஒன்றுதானே? உடம்பு தானாகச் செய்துவிட்டது. ஒரு கிறுகிறுப்பு. இரண்டு அடவு பின்னால். வலமாக ஒரு சுற்று, கை வானத்தைப் பார்த்து. மறுபடி ஒரு சுற்று. மிருதங்கம் நிற்கிற இடத்தில் ஒரு நடுக்கம். உங்களைப் போலவே தொண்டைக்குள்ளிருந்து அந்த "ஆ…", ஒரு முழு மூச்சுக்கு.

மூன்றாவது சுற்றில் யாரோ "ஹோல்டு!" என்று கத்தினார்கள். அப்படிக் கத்தினால் களம் மொத்தமும் அசையாமல் நின்றுவிட வேண்டும். அறுபது பேர் நின்றார்கள். எனக்கு மாரடைப்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஐஸ் மூட்டை வந்தது. ஒருவர் நாடி பிடித்தார். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போனை எடுத்தார். அதைப் பார்த்ததும் துரியோதனன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். இந்த ஊர் ஆம்புலன்ஸ் பில்லுக்கு பீமன் எவ்வளவோ மேல்.

ஐஸை வைத்துக்கொண்டு நிழலில் கிடந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். புஜக்கட்டை, கிரீடம், அரிதாரம், இரவு முழுக்க நடக்கிற போர். ஜப்பானியக் கவசத்திலும் தோளில் பலகை தொங்குகிறது, சோடே என்று பெயர், புஜக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. தொப்பியில் கொம்பு வைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. பழைய ஜப்பானில் சண்டைக்கு முன்னால் வீரன் முன்னே வந்து, நான் இன்ன ஊர், இன்னாருடைய பேரன், என் முப்பாட்டன் இன்ன போரில் இன்னது செய்தான் என்று உரக்கச் சொல்வானாம். திரை விலகியதும் நீங்கள் செய்வதுதானே? 1274 இல் மங்கோலியர் படை வந்திறங்கியபோதும் அப்படி முன்னே போய்ப் பேர் சொல்லியிருக்கிறார்கள், எதிரி பதில் சொல்லாமல் கூட்டமாக மேலே விழுந்ததாக ஒரு பழைய ஜப்பானிய நூல் சொல்கிறது. கட்டியங்காரன் இல்லாத ஊரில் வேஷம் எடுபடுமா?

அப்போதுதான் அந்தப் பெரியவர், காண்டாமிருகம் சொன்னவர், கேட்டார். "சரி, நீ யார்? உன் ஊர் எது, அப்பா யார், எப்படி ஜப்பான் வந்தாய்? நீ கட்டுகிற ஆளுக்கு ஒரு கதை வேண்டுமே." அதுவரை என் ஆளுக்குப் பேர்கூட வைக்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கமில்லாமல் தேடினேன். சீனாவில் சுவான்சௌ என்று ஒரு துறைமுகம். அங்கே 1281 இல், சித்திரை மாதம், சம்பந்தப் பெருமாள் என்ற நம்மாள் மங்கோலியக் கானின் உடல் நலத்துக்காகச் சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார். கோயில் பேர் திருக்கானீச்சுரம், கானையே ஈசுவரனோடு சேர்த்துவிட்டார்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் நம்மாட்கள் எந்தக் காலத்திலும் கெட்டிக்காரர்கள். அதே வருஷம் ஆகஸ்டில்தான் குப்ளாய் கானின் கப்பற்படை ஜப்பான் கரையில் புயலில் நொறுங்கியது. கப்பல் கட்டச் சொல்லி உத்தரவு போன ஊர்களில் சுவான்சௌவும் ஒன்று. கரை ஒதுங்கியவர்களில் மற்றவர்களைக் கொன்றுவிட்டு, தென் சீனத்தாரை மட்டும் அடிமையாக வைத்துக்கொண்டார்களாம். போதாதா? என் ஆள் சுவான்சௌ கோயில் கணக்குப்பிள்ளை. கப்பலில் அரிசிக் கணக்கு எழுதப் போய்ப் புயலில் மாட்டினான். கரையில் கத்தியைப் பார்த்ததும், "நான் தென் சீனத்தான்" என்று ஒரு பொய் சொன்னான். பொய் விலாசம் கொடுத்துத் தப்பித்த முதல் ஆள், நம் தா.பழூர்க்காரன். பேர் பழூருடையான் கண்ணன், அந்தக் காலத்துப் பாணிதான். ஜப்பானில் எவனோ ஒரு எஜமானிடம் வேலைக்குச் சேர்ந்து கவசம் கட்டினான்.

பெரியவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் விடவில்லை. கப்பல் ஏறும் முன் அவன் ஊரில் என்ன சாப்பிட்டான், எந்த வழியாக நடந்தான், கல்யாணத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். ஜப்பான் பக்கம் எல்லாம் சொல்ல முடிந்தது. சிப்பாய் சோற்றைக் காயவைத்து மூட்டை கட்டிப் போவான், தண்ணீர் ஊற்றித் தின்பான், நம் பழையதுக்கு உறவு. டாகேசாக்கி சுவெனாகா என்று ஒரு வீரன், 1281 சண்டையில் தொப்பியைத் தொலைத்துவிட்டுக் கால் கவசத்தை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டான். முதல் சண்டைக்குப் பரிசு தரவில்லை என்று, ஷோகுன் அரசாங்கம் இருந்த காமகுரா வரைக்கும் போய் மனு கொடுத்து வாங்கியவன் அவன். கலெக்டர் ஆபீஸுக்கு நடந்த நம் தாத்தா மாதிரி. அவன் காலை முதல் ராத்திரி வரைக்கும் என்னால் சொல்ல முடிகிறது. பழூருடையான் பக்கம் திரும்பினால் எனக்கு வாய் அடைக்கிறது. குலசேகர பாண்டியன் காலம், சோழர் முடிந்து இரண்டு மூன்று வருஷம். கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் சீனப் பீங்கான் ஓடு கிடைத்தது என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோது நான் புளிசாதத்தில்தான் கவனமாக இருந்தேன். என் பாட்டனுக்குப் பாட்டன் பேரே வாயில் வரவில்லை, எவன் பேரனென்று சொல்லிச் சண்டைக்கு இறங்குவது?

இந்த வாரம் பென்சில்வேனியாவில் எங்கள் ராஜ்ஜியங்களின் பெரிய போர். 1972 முதல் கிட்டத்தட்ட வருஷா வருஷம் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் கூடாரம். தோற்ற ராஜ்ஜியத்துக்குத்தான் அந்த மாநிலத்து பிட்ஸ்பர்க் நகரம் என்று ஒரு பழைய கேலி. எழுபதுகளிலேயே வெங்கடாசலபதி வந்து குடியேறிய ஊர் அது, ஜெயித்தவனுக்கல்லவா கொடுக்க வேண்டும்! போக லீவு கிடைக்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு இங்கே தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் மஞ்சள் போட்டோம். பாப்பா, "இதுதான் கொள்ளிடமா?" என்றாள். மதனத்தூர்ப் பாலத்தில் நின்று தண்ணீரை வீடியோ எடுத்து அனுப்புங்கள். மணல் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.

அதோடு இதையும். தாத்தாவின் அப்பா பேர், அவருடைய அப்பா பேர், உங்களுக்குத் தெரிந்த வரைக்கும். தெரியாததைப் பெரியம்மாவிடம் கேளுங்கள், அவர் சண்டை போடும்போது ஏழு தலைமுறையும் வரும். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடி வருகிறதை ஒரு தடவை பதிவு பண்ணி அனுப்ப வேண்டும். மூச்சு வாங்கினால் நடுவில் நிறுத்திக்கொள்ளுங்கள், முட்டியைப் பார்த்து. அடுத்த மாதம் பரீட்சைச் சண்டை, பேர் சொல்லிக்கொண்டுதான் இறங்கப் போகிறேன். சாகிற இடத்தைச் சுருக்கிக்கொள்கிறேன் என்று நடுவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஒரே சுற்று.

உங்கள்
செந்தில்

பி.கு.: என் பிள்ளையை அடித்தவன் யார் என்று அம்மா கேட்டால், பல் டாக்டர் என்று சொல்லுங்கள். அந்த மலை போன்றவருக்கு அதுதான் வேலை. போன மாதம் மலருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியதும் அவரேதான்.