துடைக்குமுன் வாசியுங்கள்

கேள்வி: மாடிப்படிக் கைபிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வாங்கினேன். நீளத்துக்கும் கறுப்பெழுத்து. சவர்க்காரம் போட்டும் அசையவில்லை.
— வீட்டுக்காரர், அட்டாளைச்சேனை

பதில்: மழைக்கும் கப்பல் பயணத்துக்கும் அழியாதிருக்க அடித்த மை அது, தண்ணீருக்கு மசியாது. அசிற்றோனுக்கோ தின்னருக்கோ மசியும். பழைய சாரன் துண்டை நனைத்து, எழுத்தின் மேல் சில விநாடி வைத்து, ஒரே பக்கமாக இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் துணியின் சுத்தமான பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துப் போய், குழாய் முழுக்கச் சாம்பல் நிறம் ஏறிவிடும்.

அதற்கு முன் எழுத்தை வாசியுங்கள். ஸ்டீலின் வகை 304ஆ, 316ஆ? இரண்டுக்கும் ஒரே மினுக்கம். காந்தம் வைத்தும் பிரிக்க முடியாது. 316இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும். கடலோர வீட்டுக்கு அந்த இலக்கம்தான் குழாயின் பிறப்புப் பத்திரம். படம் எடுத்து வைத்துக்கொண்டு துடையுங்கள்.

கேள்வி: கம்பிப் பஞ்சால் தேய்த்தால் கெதியாகப் போகுமே?
— வாசகி, கல்முனை

பதில்: மை கெதியாகப் போகும், துருவும் கெதியாக வரும். பஞ்சின் இரும்புத் துகள் ஸ்டெயின்லெஸ் மேல் ஒட்டி, கடற்காற்றில் செம்புள்ளியாகும். கழிப்பறை கழுவும் அசிட்டும் வேண்டாம். அதிலுள்ள குளோரைட்டு உலோகத்தில் குழி பறிக்கும்.

கேள்வி: இரும்புக் கேட்டுக்கு வெள்ளை பெயின்ட் அடித்தோம். பெருநாளைக்குள் குழாயின் பழைய எழுத்து மேலே வந்துவிட்டது!
— உம்மா ஒருவர், கோணாவத்தை

பதில்: எண்ணெய் பெயின்டிலும் கரைப்பான் உண்டு, உம்மா. அது அடியிலுள்ள மையைக் கரைத்து மேலே கொண்டுவரும். வெள்ளையில் ஒளிக்க முடியாது. அந்த இடத்தைச் சுரண்டி, தின்னரால் துடைத்து, காயவிட்டு மறுபடி அடியுங்கள்.

கேள்வி: துடைத்த கையோடு வெல்டிங் பிடிக்கலாமா?
— தொழில் பழகும் தம்பி, பாலமுனை

பதில்: பொறுங்கள் தம்பி. அசிற்றோன் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலேயே தீப்பற்றும் ஆவி விடும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். குழாய் முற்றாகக் காயட்டும். துணியும் போத்தலும் வெளியே போகட்டும்.

பிரேக் கழுவும் ஸ்பிரேயால் துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உண்டு. வெல்டிங் சூட்டிலும் ஒளியிலும் அது பொஸ்ஜீன் ஆகலாம். முதலாம் உலகப் போரில், 1915இல், படைவீரர்மேல் விட்ட நச்சுவாயு அது. குழாயின் எழுத்தை வாசிக்கத் தவறினால் காசு போகும். போத்தலின் எழுத்தை வாசிக்கத் தவறினால், வாப்பாவும் உம்மாவும் காத்திருக்கும் வீட்டுக்கு நீங்கள் திரும்பாமல் போகலாம்.